கரண்ட் போனா தெருவே கத்துமே, ஞாபகம் இருக்கா?

மொட்டைமாடி:
நேத்து ராத்திரி எங்க அபார்ட்மென்ட்ல கரண்ட் போச்சு. ஜெனரேட்டரும் ரிப்பேராம், முழுசா இருவது நிமிஷம் கும்மிருட்டு. பால்கனிக்கு வந்து நின்னேன், யாராச்சும் வெளிய வருவாங்க, நாலு வார்த்தை பேசலாம்னு. ஒருத்தர் வரல. எதிர் பிளாக்ல ஜன்னலுக்கு ஜன்னல் போன் வெளிச்சம் மட்டும் நீலமா தெரியுது. கரண்ட் திரும்பி வந்தப்பவும் சத்தமே இல்ல. எனக்கு அதுதான் என்னமோ மாதிரி ஆயிடுச்சு.

நான் கும்பகோணத்துல ஒரு சின்ன தெருவுல வளர்ந்தவன், 90கள்ல. கரண்ட் போனா முதல்ல யாரும் மெழுகுவர்த்தி தேட மாட்டாங்க. வாசலுக்கு வந்து எதிர் வீட்ட பாப்பாங்க. "ஒங்களுக்கு இருக்கா?" "இல்லியே, ஒங்களுக்கு?" அவ்வளவுதான், மனசு நிறைஞ்சிடும். எல்லாருக்கும் போச்சுன்னு தெரிஞ்சாதான் நிம்மதி, நம்ம வீட்டுக்கு மட்டும் போயிருந்தா ஃபியூஸ் கட்டைய புடுங்கி பாக்கணும், அதுக்கு அப்பா வரணும், அப்பா வந்தா யாரு அயர்ன் பாக்ஸ் போட்டதுன்னு விசாரணை நடக்கும்.

எங்க வீட்ல ஒரு அரிக்கேன் லைட்டு. அம்மா தினமும் அஞ்சு மணிக்கு அந்த கண்ணாடிய கழட்டி விபூதி தொட்டு பழைய வேட்டித் துணியால உள்ள கைய விட்டு தொடைப்பாங்க. அவங்க கைதான் உள்ள போகும், எங்க அண்ணன் கை போகாது, எனக்கு போகும் ஆனா குடுக்க மாட்டாங்க. திரிய ஒரு சுத்து கூட ஏத்திட்டா கண்ணாடில கரி ஏறிடும், இறக்கினா பொசுக்குன்னு அணைஞ்சிடும். அந்த திருகாணிய நடுவுல நிப்பாட்டுறது ஒரு கலை. சூடா இருக்கும்போது ஒரு பொட்டு தண்ணி தெறிச்சா போதும், டப்புன்னு கண்ணாடி விரிஞ்சிடும், அன்னிக்கு சாப்பாடு திட்டோடதான்.

மே மாச லீவுன்னா மொட்டை மாடி. சாயங்காலமே நாலு பக்கெட் தண்ணி கொண்டு போய் ஊத்தணும், சுர்ருன்னு ஆவி கிளம்பி ஒரு வாசனை வரும் பாருங்க, அப்பறம் கோரைப்பாய். பாட்டி பக்கத்துல படுத்துகிட்டு கார்த்திகை நட்சத்திரத்த காட்டுவாங்க, ஆறு புள்ளி எண்ணுன்னு. நான் நாலுதான் எண்ணுவேன். நடுவுல எங்கயோ கரண்ட் வந்துடும், தெரு முழுக்க பசங்க "ஹோஓஓ"ன்னு ஒரே கத்து. கீழ ஃபேன் சுத்த ஆரம்பிச்சாலும் நாங்க எறங்க மாட்டோம்.

உங்க ஊர்லயும் அந்த "ஹோ" உண்டா? சொல்லுங்க.

சும்மா_வந்தேன்:
கொசுவ மட்டும் வசதியா மறந்துட்டீங்க பாஸ். நல்லா இருக்கு.

தூத்துக்குடி_மக்ரூன்:
அண்ணாச்சி, உண்டாவா? எங்க தெருவுல கரண்ட் போனாலும் ஹோ, வந்தாலும் ஹோ. பரிச்சைக்கு மொத நா போச்சுன்னா கத்து ரெண்டு மடங்கு கேக்கும். மெழுகுவர்த்திய பத்த வெச்சுட்டு படிக்கேன்னு உக்காந்து, உருகுன மெழுக வெரல்ல தொட்டு தொட்டு தொப்பி செஞ்சு பத்து வெரலுக்கும் மாட்டிக்கிட்டு இருப்பேன். செவுத்துல கை நிழல்ல நாய், மான், முயல் எல்லாம் வரும், எங்கய்யா மட்டும் கொக்கு போடுவாவ, அது மாதிரி இன்னிக்கு வரைக்கும் எனக்கு வரல.

ஒண்ணு சொல்லுதேன் கேளுங்க. 2011 ஏப்ரல் 2, உலகக்கோப்பை ஃபைனல். எங்க வீட்ல சொந்தக்காரங்க சேத்து இருவது பேரு டிவி முன்னால. கடைசி நேரத்துல, இன்னும் பத்து பதினஞ்சு ரன்னு இருக்கும், பொட்டுன்னு போச்சு. எங்கய்யா வாயில வராத வார்த்தையெல்லாம் வந்துச்சு. டிரான்சிஸ்டர தேடுதோம், செல்லு இல்ல, டார்ச் லைட்டுல உள்ள செல்ல கழட்டி மாட்டினா டார்ச் இல்ல, இருட்டுல பேட்டரிய தலைகீழா மாட்டியாச்சு. அதுக்குள்ள அடுத்த தெருவுல இருந்து ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க. அந்த தெருவுக்கு வேற ட்ரான்ஸ்ஃபார்மர், கரண்ட் இருக்கு. அந்த சத்தத்துலயே புரிஞ்சு போச்சு. தோனி அடிச்ச சிக்ஸ ஊரே கண்ணால பாத்துச்சு, நாங்க காதால பாத்தோம். பொறவு நூறு தடவ டிவில போட்டுட்டான், ஆனா எனக்கு அது அந்த இருட்டு சத்தமாத்தான் ஞாபகம் இருக்கு.

ராசாத்தி_72:
படிக்க நல்லாத்தான் இருக்கு தம்பிங்களா. ஆனா கவனிச்சீங்களா, இந்த சந்தோஷமெல்லாம் புள்ளைங்களுக்கும் ஆம்பளைங்களுக்கும்தான். பாதி ஆட்டின உளுந்து கிரைண்டர்ல நின்னா யாருக்கு வேலை? அத வழிச்சு ஆட்டுக்கல்லுல போட்டு ஆட்டணும், கை வீங்கிடும், காலைல இட்லி கல்லு மாதிரி வந்தா அதுக்கும் பேச்சு நமக்குத்தான். 2011ல மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் மூணும் இலவசமா குடுக்க ஆரம்பிச்சாங்க இல்ல, அடுத்த வருஷமே எங்க ஊர்ல கரண்ட்ட காணோம். புது கிரைண்டர் மேல துணி போட்டு மூடி ஊறுகா ஜாடி வெச்சிருந்தேன் நான். அப்பல்லாம் கரண்ட் எப்ப வரும்னு பாத்து எந்திரிக்கிறதுதான் பொழப்பு, விடியக்காலம் நாலு மணிக்கு வந்தா நாலு மணிக்கு மோட்டார போடணும், மாவு ஆட்டணும், அயர்ன் பண்ணணும், செல்போன்கள சார்ஜ் போடணும், எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள்ள.

ஆனாலும் பொய் சொல்ல மாட்டேன். ராத்திரி கரண்ட் போனா நாங்க அஞ்சாறு பொம்பளைங்க திண்ணைல வந்து உக்காருவோம். என் கைல எப்பவும் முருங்கைக்கீரை கட்டு ஒண்ணு இருக்கும். கீரை உருவ வெளிச்சம் வேண்டாம், வெரலே பாத்துக்கும், பழுத்த இலைய தொட்டாலே தெரியும். அந்த இருட்டுல மொகம் தெரியாததுனால சில பேச்சு பேசலாம். பக்கத்து வீட்டு அக்கா அவங்க மாமியாரப் பத்தி எங்கிட்ட அழுதது அப்படி ஒரு ராத்திரிலதான். கரண்ட் வந்துச்சு, தெருவுல புள்ளைங்க ஹோன்னு கத்துச்சு, அந்தக்கா முந்தானையால மொகத்த தொடைச்சுட்டு சரி வர்றேன்னு எந்திரிச்சு போயிட்டாங்க. அதுக்கப்பறம் அதப் பத்தி நாங்க பேசினதே இல்ல.

சோமனூரான்:
ஏனுங்க, நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்லலாங்களா, கோவிச்சுக்காதீங்க.

எங்கூட்டுல எட்டு விசைத்தறி. கூலிக்கு ஓட்டுறதுங்க, பாவுன்னு நெடுக்கு நூலும் ஊடைன்னு குறுக்கு நூலும் ஒருத்தர் குடுப்பாரு, துணியா நெய்து குடுத்தா மீட்டருக்கு இத்தனைன்னு கூலி. தறி சத்தம் தெரியாதவங்களுக்கு சொல்றனுங்க, சடக் சடக்குன்னு பகலும் ராத்திரியும் நிக்காம கேக்கும், நாங்க பொறந்ததுல இருந்து அதுலயேதான் தூங்குனோம். எங்களுக்கு சத்தத்துல தூக்கம் கெடாதுங்க. சத்தம் நின்னாத்தான் முழிப்பு வரும். ராத்திரி திடீர்னு ஊரே கம்முன்னு ஆச்சுன்னா எல்லாரும் ஒரே நேரத்துல கண்ண முழிச்சு படுத்திருப்போம், யாரும் பேச மாட்டோம்.

தறி ஓடிட்டு இருக்கும்போது நின்னா ஊடை நூல கொண்டு போற நாடா பாதில நிக்கும், நூலு அறுந்து போகும், மறுக்கா ஓட்டும்போது துணில அந்த எடத்துல ஒரு கோடு விழும். அத பாத்துட்டு கூலில புடிப்பாங்க. 2012ல கோயமுத்தூர், திருப்பூர் பக்கமெல்லாம் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல கரண்ட் இருக்காதுங்க. அப்ப மெட்ராஸ்ல ரெண்டு மணி நேரம்தான் கட்டு. அங்க இருந்த எங்க சித்தப்பா பையன் போன் பண்ணி "இங்கயும் கரண்ட் போவுதுடா, மாடில காத்து நல்லா வருது"ன்னான். நான் போன வெச்சுட்டேன்.

கரண்ட் ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தா எங்கப்பா ரெண்டு மணிக்கு எந்திரிச்சு தறிய போடுவாரு. மூணு மணிக்கு போயிரும். நாலுக்கு வரும், மறுபடி எந்திரிப்பாரு. ஒரு வருஷம் அந்த மனுசன் சேந்தாப்புல மூணு மணி நேரம் தூங்கி நான் பாக்கலைங்க. அந்த வருஷக் கடைசில நாலு தறிய பழைய இரும்பு வெலைக்கு எடைபோட்டு குடுத்தோம். லாரில ஏத்தும்போது அவரு தோட்டத்துப் பக்கம் போயிட்டாரு.

அதனால எனக்கு கரண்ட் போறதுன்னா நட்சத்திரம் ஞாபகம் வராதுங்க. உங்கள தப்பு சொல்லல.

மொட்டைமாடி:
சோமனூரான், என்ன சொல்றதுன்னு தெரியல. நான் சொன்னது அரை மணி, ஒரு மணி நேரம் போன காலத்த. நீங்க சொல்றது வேற. தலைப்ப மாத்தலாமான்னு கூட யோசிச்சேன்.

சோமனூரான்:
தலைப்பு இருக்கட்டுங்க. சின்ன வயசுல நானும் கத்தினவன்தான்.

லைன்ல_ஒருத்தன்:
இதுக்கு நான் பதில் சொல்லியே ஆகணும், 31 வருஷம் கரண்ட் கம்பம் ஏறினவன், இப்ப ரிட்டையர்டு.

சோமனூர் தம்பி சொன்ன அந்த வருஷம் எங்களுக்கும் நரகம். ஏன் அப்படி ஆச்சுன்னு பலபேருக்கு தெரியாது. நம்ம மாநிலத்துல காத்தாலை நிறைய, முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கமும் பாலக்காட்டு கணவாய் பக்கமும். மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் காத்து அடிக்கும், கரண்ட் ஓரளவு சமாளிக்கும். அக்டோபர்ல காத்து நின்னதும் மொத்தமா குப்புற விழும். சரி வடக்க இருந்து வாங்கலாம்னா, அப்ப தெற்கு கிரிட், அதாவது மாநிலங்கள சேக்கிற மின்சார லைன் பின்னல், தனி, பெரிய அளவுல கொண்டு வர்ற பாதை பத்தல. 2012 ஜூலை 30, 31 வடக்க பாதி நாடு இருண்டுச்சே, நம்ம பக்கம் தப்பிச்சது அது தனியா இருந்ததுனாலதான். அதே தனியா இருந்ததுனாலதான் நமக்கு வாங்கவும் முடியல. 2013 டிசம்பர் 31 அன்னிக்குதான் ராய்ச்சூர் சோலாப்பூர் லைன் வழியா ரெண்டும் சேந்துச்சு. இதெல்லாம் ஜனங்களுக்கு எங்க தெரியும், கம்பத்துல நிக்கிறவன் கண்ணுக்கு தெரியுவான், அவன திட்டுவாங்க. ராத்திரில போன் ரிசீவர எடுத்து கீழ வெச்சுடுவோம்னு சொல்லுவீங்க, உண்மைதான், ஒரே ஆளு நைட் டூட்டி, எத்தன பேருக்குத்தான் பதில் சொல்றது.

இப்ப அந்த "ஹோ" சமாச்சாரம். நீங்க எல்லாம் கீழ இருந்து கத்தினவங்க, நான் அத வாங்கினவன். ட்ரான்ஸ்ஃபார்மர்ல மூணு பேஸுக்கும் தனித்தனி ஃபியூஸ். மூணும் போயிருந்தா ஒண்ணொண்ணா போடணும். முதல் ஃபியூஸ போட்டதும் ஊர்ல மூணுல ஒரு பங்கு வீடு எரியும், அந்தப் பக்கத்துல இருந்து மட்டும் "ஹோ". அடுத்தது போட்டா இன்னொரு பக்கம் ஹோ. மூணாவது பேஸ்காரங்க அதுவரைக்கும் வாசல்ல நின்னு என்னையும் எங்க அம்மாவையும் சேத்து திட்டிட்டு இருப்பாங்க, போட்டதும் அவங்க கத்துறதுதான் எல்லாத்துலயும் பெருசா கேக்கும். மழைல நனைஞ்சு நிக்கிறப்ப அது கேட்டா குளிரே தெரியாது. சம்பளத்த விட அது பெருசுன்னு சொல்ல மாட்டேன், சம்பளம் சம்பளம்தான். ஆனா எந்த ஊர்ல எவ்வளவு சத்தமா கத்துவாங்கன்னு எனக்கு கணக்கு இருந்துச்சு. ஒரு காலனில கத்தவே மாட்டாங்க, எல்லா வீட்லயும் இன்வர்ட்டர். அங்க ஃபியூஸ போட்டுட்டு சரியா எரியுதான்னு நானே நடந்து போய் தெருவிளக்க பாத்துட்டு வருவேன்.

சும்மா_வந்தேன்:
கம்பத்து மேல இருந்து பாத்தா எப்படி இருக்கும்னு நான் யோசிச்சதே இல்ல சார்.

தூத்துக்குடி_மக்ரூன்:
இன்வர்ட்டர் பத்தி சொன்னீயளே. எங்க தெருவுல மொத மொத வாங்குனது ஒரு மளிகைக்கட அண்ணாச்சி. கரண்ட் போனா அவிய வீட்ல மட்டும் ஒரு டியூப் லைட்டு. மொத ஒரு வாரம் நாங்க எல்லாரும் அங்க போய் வாசல்ல உக்காந்தோம், அந்த அக்கா மோரு குடுத்தாவ. பொறவு என்னமோ கூச்சமா இருந்துச்சு, போறத நிப்பாட்டினோம். பொறவு நாங்களும் வாங்கினோம். பொறவு யாரும் வாசலுக்கே வரல.

கேட்டை:
மன்னிக்கணும், ஒரு சின்ன திருத்தம், எனக்கு இது சொல்லலன்னா தூக்கம் வராது. மொட்டைமாடி, மே மாசத்துல நீங்க கார்த்திகை நட்சத்திரத்த பாத்திருக்கவே முடியாது.

அக்னி நட்சத்திரம்னு கத்திரி வெயில சொல்றோமே, அந்தப் பேரே சூரியன் கார்த்திகையில இருக்கறதாலதான். பரணி கடைசிப் பாதில ஆரம்பிச்சு கார்த்திகை முழுக்க தாண்டி ரோகிணி முதல் பாதம் வரைக்கும், மே 4ல இருந்து 28 வாக்குல. கார்த்திகைக்கு அதிதேவதை அக்னி. அப்ப அது சூரியனோடயே உதிச்சு சூரியனோடயே மறையும், ராத்திரில தேடினா எங்க இருக்கும்.

மே மாசம் ஒன்பது பத்து மணிக்கு மாடில படுத்தா வடக்க சப்தரிஷி. அதோட வால்ல மூணு, நடுவுல இருக்கறது வசிஷ்டர், அவர ஒட்டி மங்கலா ஒரு புள்ளி, அதுதான் அருந்ததி. கல்யாணத்துல பட்டப்பகல்ல அம்மி மிதிச்சுட்டு அண்ணாந்து பாத்து தெரியுது தெரியுதுன்னு தலையாட்டுறோமே, அதேதான். தென்கிழக்க தேள் மாதிரி வளைஞ்சு ஒரு கூட்டம் ஏறி வரும், நடுவுல செவப்பா ஒண்ணு, என் பேரு அதுதான்.

மொட்டைமாடி:
அட, அப்ப பாட்டி எதக் காட்டினாங்க? ஆறு புள்ளின்னு எண்ண சொன்னது நல்லா ஞாபகம் இருக்கு, போர்வை போத்திகிட்டு எண்ணினேன்... போர்வையா, அப்ப அது மே இல்ல. பொங்கல் லீவா இருக்கும். ரெண்டு ராத்திரிய ஒண்ணா சேத்து வெச்சிருக்கேன் போல இத்தன வருஷமா.

கேட்டை:
பொங்கல்னா சரி. ஏழு எட்டு மணிக்கு உச்சிக்கு வந்துடும், பாய்ல படுத்தா நேர் மேல.

கோடியக்கரை:
எங்களுக்கு கரண்ட் போனதுன்னா ஒரே ஒரு தடவைதான். 2018 நவம்பர் 16 விடியக்காலம், கஜா புயல். வேதாரண்யம் பக்கம் எங்க ஊரு. காலைல கதவ தெறந்தா தென்னந்தோப்பு இருந்த எடத்துல வானம் தெரியுது. எல்லாம் ஒரே பக்கமா படுத்து கிடக்கு. கம்பம் எல்லாம் ரெண்டா முறிஞ்சு கம்பியோட வயல்ல. அதுக்கப்பறம் ஒரு மாசத்துக்கு மேல எங்களுக்கு கரண்ட் இல்ல. ஜெனரேட்டர் வெச்சு டேங்க்குல தண்ணி ஏத்தினாங்க, ஒருத்தர் வண்டில ஜெனரேட்டர் வெச்சுகிட்டு ஊர் ஊரா வந்து போனுக்கு சார்ஜ் போட்டு குடுத்தாரு, ஒரு போனுக்கு 20 ரூபா.

வெளி மாவட்டத்துல இருந்தெல்லாம் லைன் வேலைக்கு ஆளுங்க வந்தாங்க, கேரளாவுல இருந்தும் வந்தாங்க. வயல்ல முழங்கால் சேறு, வண்டி எறங்காது, கம்பத்த எட்டு பத்து பேரு தோள்ல தூக்கிட்டு போனாங்க. எங்ககிட்ட அரிசி இருந்துச்சு, நிவாரணத்துல வந்தது, விழுந்த தேங்காவுக்கு பஞ்சமே இல்ல, தெனமும் தேங்காச்சோறுதான் ஆக்கி குடுத்தோம். ஒருத்தரு நாலாவது நாளு "அம்மா, தேங்கா இல்லாம ஏதாச்சும் இருக்கா"ன்னு கேட்டாரு. அழுதுகிட்டு இருந்த எங்க பெரியம்மா அன்னிக்குதான் சிரிச்சாங்க.

கரண்ட் வந்தப்ப யாரும் ஹோன்னு கத்தல. ஃபேன் சுத்துச்சு. எல்லாரும் அத பாத்துட்டே உக்காந்திருந்தோம்.

லைன்ல_ஒருத்தன்:
நான் அப்ப மன்னார்குடி பக்கம் 22 நாள் இருந்தேன். உங்க ஊருக்கு வரல. ஆனா தேங்காச்சோறு எங்களுக்கும் அதேதான்.

மொட்டைமாடி:
எல்லாருக்கும் நன்றி. நான் ஏதோ ஆசைல ஆரம்பிச்சது எங்கயோ போயிடுச்சு, நல்லதுக்குத்தான். ஒரு உதவி. போன வாரம் ஊருக்கு போனப்ப பரண்ல இருந்து எங்க அம்மாவோட அந்த அரிக்கேன் லைட்ட எடுத்துட்டு வந்துட்டேன். கண்ணாடி நல்லா இருக்கு, திரிதான் மக்கி போச்சு. எங்க கிடைக்கும்? வெளக்கெண்ணெய் ஊத்தினா எரியுமா?

ராசாத்தி_72:
பழைய பாத்திரக்கடை, இல்லன்னா சந்தை பக்கம் ஆணி, கயிறு விக்கிற கடைல கேளுங்க, நாடாத் திரின்னு சொல்லணும். பழைய திரில ஒரு துண்டு கைல கொண்டு போங்க தம்பி, அகலம் கொஞ்சம் மாறினாலும் உள்ள நுழையாது. புதுத் திரிய மாட்டி மண்ணெண்ணெய்ல நல்லா ஊற விட்டு அப்பறம் பத்த வைங்க, காஞ்ச திரிய பத்த வெச்சா திரியே கருகிடும். வெளக்கெண்ணெய் கெட்டி, மேல ஏறாது. மண்ணெண்ணெய் கிடைக்கறதுதான் இப்ப கஷ்டம், எங்க ஊர் ரேஷன்ல நின்னு ரொம்ப நாளாச்சு, யாருகிட்டயாச்சும் அரை லிட்டர் கேட்டு பாருங்க. அது கிடைக்கலன்னு பெட்ரோல் கிட்ரோல் ஊத்திடாதீங்க, குடும்பத்தோட போயிடும்.

மொட்டைமாடி:
அக்கா, திரி கிடைச்சிடுச்சு, மண்ணெண்ணெய் ஊர்ல இருந்து ஒரு தண்ணி பாட்டில்ல வந்துச்சு, பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் மூக்க மூடிகிட்டே வந்தாராம். இப்பதான் பத்த வெச்சேன். வாடை தாங்கலன்னு வீட்ல பால்கனிக்கு தள்ளிட்டாங்க என்னையும் லைட்டையும். திரிய ஒரு சுத்து கூட ஏத்திட்டேன் போல, கண்ணாடி ஒரு பக்கம் கரி ஏறிடுச்சு. கை உள்ள போகல. என் பொண்ணுக்கு போகுது, விபூதி எடுத்துட்டு வரேன்னு போயிருக்கா.